ராத்திரிக்கு என்ன வைக்க? வேலை நாள் சாப்பாடு பத்தி என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலை பக்கம், வேலை நாகர்கோவில்ல, வீட்டுல மாமியாரோட சேத்து அஞ்சு பேரு. நாலு வருஷமா ராத்திரி சாப்பாட்ட முன்கூட்டியே யோசிச்சு வச்சுதான் ஓட்டுறேன். ஆபீஸ்ல கூட இருக்குறவங்க, என் தங்கச்சி, மைனி, பஸ்ல பக்கத்து சீட்டுல வர்ற அக்கா எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதான் எல்லாத்தையும் சேத்து இங்க எழுதிட்டேன்.

சமையல் தெரியும், சாமானும் வீட்டுல இருக்கு, ஆனாலும் சாயந்தரம் ஆனா என்ன வைக்கன்னு யோசிக்கவே தலை சுத்துது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லவே இல்ல. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. வடசேரி பஸ் ஸ்டாண்டுல ஆறு மணி பஸ்ஸ புடிச்சு உக்காந்து, வில்லுக்குறி தாண்டும்போது மக போன் பண்ணுவா, "அம்மா ராத்திரி என்ன?"ன்னு. அந்த ஒரு கேள்விக்கு எனக்கு கண்ணு கலங்குன நாளு உண்டு, அவ என்ன தப்பா கேட்டா, பசியில கேக்குறா, ஆனா அன்னிக்கு காலைல இருந்து நான் எடுத்த அம்பதாவது முடிவு அதுதான். வீட்டுக்கு வந்து பிரிட்ஜ திறந்து வச்சுட்டு அப்படியே நிப்பேன், உள்ள தக்காளி இருக்கு, அரை முட்டைக்கோஸ் இருக்கு, முந்தாநாள் சாம்பார் ஒரு கிண்ணம் இருக்கு, ஆனா ஒண்ணோட ஒண்ணு சேந்து ஒரு சாப்பாடா கண்ணுக்குத் தெரியாது.

அடுப்பு முன்னாடி முக்கா மணி நேரம் நிக்கறது எனக்கு கஷ்டமாவே இல்ல, நிக்கறதுக்கு முன்னாடி யோசிக்கிற அந்த அரை மணி நேரம்தான் ஆள கொல்லும். அதனால நான் மாத்துனது ஒண்ணே ஒண்ணு, யோசிக்கிற நேரத்த மாத்துனேன். வயிறு பசிக்காத, உடம்பு அசராத ஒரு நேரத்துல, எனக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு, பத்து நிமிஷம் உக்காந்து வாரத்துக்கு முடிவு எடுத்துருவேன். சாயந்தரம் வந்தா கை மட்டும் வேலை செஞ்சா போதும்.

அப்போ ஏழு நாளைக்கும் என்ன கறி, என்ன கூட்டுன்னு எழுதி ஒட்டணுமா? ரெண்டு வாரம் செஞ்சு விட்டுட்டேன்.

நானும் ஆரம்பத்துல அப்படித்தான் அச்சடிச்ச மாதிரி எழுதி ஒட்டுனேன், புதன்கிழமை வெண்டைக்கா புளிக்கறின்னு எழுதிருக்கும், அன்னிக்கு வெண்டைக்கா முத்தலா இருக்கும், அவ்வளவுதான் மொத்த பிளானும் போச்சு. கறி பேர எழுதாதீங்க, வகைய மட்டும் முடிவு பண்ணுங்க.

எங்க வீட்டுல திங்கள் ராத்திரி கஞ்சி. சம்பா அரிசி கஞ்சி, சிறுபயறு, ஒரு சம்மந்தி (தேங்காத் துவையல்), பப்படம். அது மாறாது, யாரும் கேள்வி கேக்கவும் மாட்டாங்க, ஞாயித்துக்கிழமை கறி சோறு தின்ன வயித்துக்கும் அது இதமா இருக்கும். செவ்வாய் தோசை, ஏன்னா ஞாயித்துக்கிழமை ஆட்டுன மாவு அன்னிக்குத்தான் நல்ல பதத்துல நிக்கும். புதன் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீனும். வியாழன் சப்பாத்தி, கூட எது வேணா இருக்கலாம், முட்டையோ கடலையோ. வெள்ளி மீன் கெடையாது, மாமியாருக்கு வெள்ளிக்கிழமை மரக்கறிதான், அதனால புட்டு பயறு இல்லன்னா இடியாப்பம். சனி மிச்சம் தீக்குற நாளு. இவ்வளவுதான் பிளான். செவ்வாய் தோசைன்னு முடிவு ஆயாச்சுன்னா அதுக்கு தொட்டுக்க தக்காளி துவையலா தேங்கா சட்னியாங்கறது வீட்டுக்குள்ள நுழையும்போது பாத்துக்கலாம், அந்த சின்ன முடிவு யாரையும் அசர வைக்காது.

உங்க வீட்டு கிழமைங்க வேற மாதிரி இருக்கும், தவக்காலம் இருக்கும், நோம்பு இருக்கும், சபரிமலைக்கு மாலை போட்டவங்க இருப்பாங்க. அத சுத்தியே போடுங்க, ஏற்கனவே வீட்டுல இருக்குற வழக்கம் பாதி பிளான போட்டு குடுத்துரும்.

மீன் என்ன கிடைக்கும்னு தெரியாம எப்படி முன்னாடியே யோசிக்க? காலைல சாளை வருது, மறுநாள் அயிலை வருது, ஒருநாள் ஒண்ணுமே வரல.

இதுக்குத்தான் "புதன் மீன்"னு மட்டும் எழுதுறது. மீன் பேர கடல்தான் முடிவு பண்ணும். என் கணக்கு இப்படி: சாளை, நெத்தோலி கிடைச்சா தேங்கா அரைச்ச அவியல், அயிலை, சூரை கிடைச்சா புளி விட்ட குழம்பு, வாளை கிடைச்சா பொரிக்க, ஒண்ணும் கிடைக்கலன்னா கருவாடு, அதுவும் இல்லன்னா முட்டை. இந்த அஞ்சும் மரச்சீனிக்கு சேரும். அதனால என்ன வந்தாலும் வராட்டாலும் புதன்கிழமை விழாது.

ஆனா ஒரு விஷயம் வருஷத்துக்கே முன்னாடி தெரியும், மீன்பிடி தடைக்காலம். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு தடவ வரும், கிழக்கு கடற்கரை கணக்குல சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும், மேற்கு கணக்குல குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரைக்கும். ரெண்டும் 61 நாளு. அது விசைப்படகுக்கு மட்டும்தான், வள்ளத்துல போறவங்க போவாங்க, அதனால மீன் அறவே இல்லாம போகாது, ஆனா விலை கூடும், பெரிய மீன் குறையும். அந்த மாசங்கள்ல நான் வாரம் ஒரு மீன் நாள பயறுக்கும் முட்டைக்கும் குடுத்துருவேன். மே மாசம் சக்கையும் (பலா) மாங்காயும் கிடைக்குற நேரம் வேற, சக்கை அவியல் ஒரு ராத்திரிக்கு தாராளமா போதும்.

நம்ம ஊரு கறி எல்லாத்துலயும் தேங்கா. மறுநாளைக்கு எடுத்து வச்சா புளிச்சுருது. அப்புறம் மிச்சத்த வச்சு எப்படி பிளான் பண்ண?

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமான கேள்வி. வடக்க உள்ளவங்க சொல்ற மீல் பிளான் எல்லாம் நமக்கு அப்படியே பொருந்தாததுக்கு காரணமே இந்த தேங்காதான். பச்சத் தேங்கா அரைச்சு ஊத்துன கறி நம்ம ஊரு வெக்கைக்கு வெளிய நாலஞ்சு மணி நேரம்கூட நம்ப முடியாது.

ஆனா யோசிச்சு பாருங்க, கெடுறது தேங்காதான். பருப்பு கெடல, காய் கெடல. அப்போ மிச்சம் எடுத்து வைக்கிறது சாப்பிட்டு முடிச்ச பிறகு செய்ற வேலையா இருக்கக்கூடாது, தேங்கா அரைச்சு ஊத்துறதுக்கு முன்னாடியே செய்யணும். என் கைப்பழக்கம் இப்போ அப்படித்தான். திங்கக்கிழமை கஞ்சிக்கு பயறு அவிக்கும்போது ஒரு உழக்குக்கு பதிலா ரெண்டு உழக்கு போடுவேன், உப்பு மட்டும் போட்டு வேக வச்சு, வெந்ததும் பாதிய வழிச்சு ஒரு டப்பாவுல போட்டு, சூடு ஆறுனதும் பிரிட்ஜ்ல. மீதி பாதிக்குத்தான் தேங்கா, சீரகம், பச்சமிளகா, உள்ளி (சின்ன வெங்காயம்) எல்லாம் கரகரப்பா ஒதுக்கி போட்டு எடுக்குறது. எடுத்து வச்ச பயறு மூணு நாளைக்குள்ள எதுவாவும் ஆகும், வியாழக்கிழமை சப்பாத்திக்கு தக்காளி வெங்காயம் வதக்கி போட்டா ஒரு கறி. வெள்ளிக்கிழமை புட்டுக்கு கூட வைக்குற பயறுக்கு மட்டும் அது நாளாயிரும், வியாழக்கிழமை ராத்திரி கொஞ்சம் புதுசா ஊறப்போட்டு வெள்ளிக்கிழமை அவிச்சுக்குவேன், குக்கர்ல பத்து நிமிஷ வேலை.

அவியல் செய்யும்போதும் இதேதான். காய் வெந்து தேங்கா சேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கரண்டி தனியா. துவரனுக்கு (தேங்கா போட்ட பொரியல்) முட்டைக்கோஸ் அரியும்போது முழுசா அரிஞ்சு பாதிய பச்சையாவே டப்பால போட்டு வச்சா அடுத்த நாள் தோசைக்குள்ள முட்டையோட போகும்.

திருவுன தேங்காய ஃப்ரீசர்ல வைக்கலாம், ரெண்டு மூணு மாசம் கூட நிக்கும். ஞாயித்துக்கிழமை நாலு தேங்கா திருவி, ஒரு நாளைக்கு வேண்டிய அளவு சின்ன சின்ன பொட்டலமா போட்டு வைப்பேன். ஒரு கறிக்கு ஒரு பொட்டலம். வேலை நாள் சாயந்தரம் தேங்கா திருவுற திருவலக்குத்தி எடுக்காம இருக்குறதே எனக்கு கால் மணி நேரம் லாபம்.

வறுத்த தேங்கா மசாலா நீங்க எப்படி செஞ்சு வைப்பீங்க? அளவு சொல்லுங்கக்கா.

இத கேக்காத ஆளே இல்ல. சொல்றேன், ஆனா அவசரத்துல செய்ய கூடாது, மழை பெய்ற ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்தரம் மாதிரி ஒரு நேரம் வேணும்.

நல்லா முத்துன தேங்கா ரெண்டு. பூ மாதிரி திருவிக்கணும், கட்டி கட்டியா விழுந்தா ஒரு இடம் கருகும், ஒரு இடம் வேகாது. அடிகனமான இரும்புச் சட்டி, சிறுதீ. எண்ணெய் ஒண்ணும் வேண்டாம், தேங்காயே விடும். மொதல்ல ஈரம் போற வரைக்கும் ஒரு பத்து நிமிஷம் ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், அப்புறம் ஓரத்துல பொன்னிறம் வரும், அப்போ இருந்து கைய எடுக்கக்கூடாது, கிளறிட்டே இருக்கணும். பொன்னிறம் தாண்டி செம்மண்ணு நிறம் வரும், அதுக்கும் அடுத்து காப்பிக்கொட்டை நிறம் வரும்போது ஒரு வாசம் மாறும் பாருங்க, இனிப்பு வாசம் போய் வறுத்த வாசம் வரும், அங்கதான் நிறுத்தணும். மொத்தம் அரை மணி நேரம் ஆகும். இறக்குறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி நல்லமிளகு (குறுமிளகு) ஒரு ஸ்பூன், கறிவேப்பிலை ஒரு கை, அடுப்ப அணைச்ச பிறகு அந்த சூட்டுலயே மல்லிப்பொடி ஆறு ஸ்பூன், வத்தல்பொடி (மிளகாப்பொடி) மூணு ஸ்பூன், மஞ்சப்பொடி அரை ஸ்பூன். பொடிய தீயில போட்டா கசந்துரும். உள்ளி சேக்காதீங்க, உள்ளி சேத்தா நாளு நிக்காது, கறி வைக்கும்போது வதக்கி போட்டுக்கலாம்.

ஆறுனதும் தண்ணி படாத மிக்ஸி ஜார்ல தண்ணியே விடாம அரைச்சா தேங்கா எண்ணெய் கக்கி கருப்பா விழுது மாதிரி ஆகும். கண்ணாடி பாட்டில்ல அமுக்கி பிரிட்ஜ்ல வச்சா ரெண்டு வாரம் எனக்கு வருது, ஈர ஸ்பூன் மட்டும் போடக்கூடாது. புளி கரைச்ச தண்ணில மூணு ஸ்பூன் போட்டு உள்ளியோ கத்திரிக்காயோ வதக்கி போட்டா தீயல். அவிச்ச முட்டைய போட்டா முட்டைக்கறி. கோழிக்கும் இதேதான். கடலைய காலைலேயே ஊறப்போட்டுருந்தா ராத்திரி புட்டுக்கு கடலைக்கறி. வீட்டுக்கு வந்து இருபது நிமிஷத்துல ஒரு ருசியான கறி மேசைல இருக்கும், அது எந்த பாக்கெட் மசாலாவுலயும் வராது, இத நான் அடிச்சு சொல்லுவேன்.

மிச்ச சோறு? அத ராத்திரி வெளிய வச்சு மறுநாள் தாளிச்சா போதும்லா?

போதாது. இதுல மட்டும் நான் கண்டிப்பா பேசுவேன். பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா அரிசிலயே இருக்கும், அதோட விதை மாதிரியான வித்து கொதிக்கிற தண்ணிலயும் சாகாது. சோறு வெதுவெதுப்பா மணிக்கணக்கா கிடந்தா அது முளைச்சு விஷத்த உண்டாக்கும், அந்த விஷம் மறுபடி தாளிச்சாலும் சுட வச்சாலும் போகாது. வாந்தி, வயித்துப்போக்கு எல்லாம் இப்படித்தான் வரும், நாம கடைசியா தின்ன பழத்தையோ மோரையோ குறை சொல்லிட்டு இருப்போம்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். மிச்சம் ஆகும்னு தெரிஞ்ச உடனே, சாப்பிட உக்காருறதுக்கு முன்னாடியே, ஒரு தட்டுல பரப்பி ஆற விட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள பிரிட்ஜ்ல வைங்க. ஏப்ரல், மே வெக்கைல ஒரு மணி நேரம்னே வச்சுக்கங்க. பானையோட அப்படியே வச்சா நடுவுல சூடு போகவே போகாது. அடுத்த நாள் தீந்துரணும். ஒரு தடவதான் சுட வைக்கணும், ஆவி பறக்குற அளவு.

தெர்மல் குக்கர்ல காலைல வச்ச சம்பா சோத்த ராத்திரி எடுக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. வேக வைக்க அது அருமையான சாதனம், கேஸ் மிச்சம், அரிசி குழையாம வேகும். ஆனா வெந்ததும் வடிச்சுருங்க. 60 டிகிரிக்கு கீழ சூடு இறங்கி நாள் பூரா மூடிக் கிடக்குற சோறு நல்லதில்ல.

பழங்கஞ்சி வேற கதை. ஆறுன சோறு முங்க தண்ணி ஊத்தி வச்சா ராத்திரியோட ராத்திரியா புளிக்கும், லாக்டிக் அமிலம் உண்டாக்குற பாக்டீரியாதான் அங்க வேலை செய்யும், அந்த புளிப்புதான் அதுக்கு காவல். காலைல மோர் விட்டு, உள்ளியும் பச்சமிளகாயும் கடிச்சு, சுட்ட கருவாடோட குடிச்சுரணும். அடுத்த ராத்திரி வரைக்கும் இழுக்கக்கூடாது.

மீன் குழம்பு மறுநாள்தான் ருசின்னு சொல்றாங்களே, எத்தன நாள் வைக்கலாம்?

மறுநாள் ருசிதான், அதுல சந்தேகமே இல்ல. எங்க மாமியார் மண்சட்டில வச்ச அயிலை குழம்ப காலைல ஒரு கொதி விட்டு இறக்குவாங்க, சட்டி ஓரத்துல எண்ணெய் மினுங்கும், மீனுக்குள்ள புளி இறங்கிருக்கும், அந்த சட்டில ரெண்டு கை சோறு போட்டு பெரட்டி பிள்ளைங்களுக்கு உருட்டி குடுப்பாங்க. புளி விட்ட குழம்பு பிரிட்ஜ்ல வச்சா மூணு நாள் தாராளம். புளிக்கறிய அலுமினிய சட்டியோட வைக்காதீங்க, மண்சட்டியோ கண்ணாடியோ எவர்சில்வரோ போதும். தேங்கா அரைச்ச மீன் அவியல் மறுநாள் மத்தியானத்தோட முடிச்சுருங்க.

ஆனா சமைச்ச பிறகு எப்படி வைக்கிறோம்ங்கறத விட சமைக்கிறதுக்கு முன்னாடி எப்படி வச்சோம்ங்கறது பெருசு. ரெண்டு வருஷம் முன்னாடி சாயந்தரம் வர்ற வழில ரோட்டோரம் சூரை வாங்குனேன், விலை குறைவா இருந்துச்சு, ஐஸ் பாக்கல நான். வீட்டுக்கு வந்து துணி மடிச்சு, பிள்ளைக்கு பாடம் சொல்லி குடுத்து, ஒன்றரை மணி நேரம் கழிச்சுதான் கழுவுனேன். நல்லா கொதிக்க வச்சுதான் குடுத்தேன். சாப்பிட்டு அரை மணி நேரத்துல மகன் முகம் செவந்து, வாய சுத்தி அரிப்பு, தலைவலின்னு அழ ஆரம்பிச்சான். டாக்டர் சொன்னாங்க, இது ஹிஸ்டமின், சூரை, அயிலை, சாளை மாதிரி மீனு வெக்கைல கிடந்தா அதுல உண்டாகும், எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாதுன்னு. மருந்து குடுத்ததும் சரியாயிட்டு, ஆனா அந்த ராத்திரி அவன் பக்கத்துல நான் உக்காந்துருந்தது இன்னும் மறக்கல. அதுல இருந்து மீன் வாங்குற அன்னிக்கு வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் மொத வேலை மீனுதான், கழுவி உடனே அடுப்புலயோ ஃப்ரீசர்லயோ. பச்சை மீன வெறும் பிரிட்ஜ்ல ஒரு நாளுக்கு மேல வைக்கறதில்ல. காலைல தலைல மீன் சருவத்தோட வர்ற அக்காகிட்ட வாங்கி, மாமியார் உப்பும் மஞ்சளும் மிளகுப்பொடியும் பெரட்டி ஃப்ரீசர்ல வச்சுருவாங்க, அது எனக்கு எவ்வளவு பெரிய உதவின்னு சொல்லி முடியாது.

மரச்சீனி மிச்சமானா கட்டி ஆயிருதே?

ஆகும், பிரிட்ஜ்ல வச்சா கண்டிப்பா விறைக்கும். அத மறுபடி அவிச்சு மசிக்க பாக்காதீங்க. சின்ன துண்டா நறுக்கி, கடுகு, வத்தல், உள்ளி, கறிவேப்பிலை தாளிச்சு தேங்கா எண்ணெய்ல மொறுமொறுன்னு பெரட்டுங்க, கட்டன் சாயாவுக்கும் ஆகும், கஞ்சிக்கும் ஆகும். மொத தடவ அவிக்கும்போது நிறைய தண்ணில கொதிக்க விட்டு அந்த தண்ணிய வடிச்சு கொட்டிருங்க, கிழங்குல சயனைடு உண்டாக்குற பொருள் இயற்கையாவே இருக்கு, கசக்குற கிழங்குல கூடுதலா இருக்கும். நம்ம பாட்டிமாரு தண்ணி மாத்தி அவிச்சது அதுக்குத்தான்.

திருவிதாங்கூர்ல விசாகம் திருநாள் மகராசா காலத்துல, 1880-கள்ல, பரப்புன கிழங்கு இது, ரெண்டாம் உலகப்போர் சமயம் பர்மா அரிசி நின்னப்போ நம்ம பக்கத்து ஜனங்க வயித்த நிறைச்சதும் இதுதான். சாளையும் மரச்சீனியும் ராத்திரிக்கு வச்சா அது ஏழை சாப்பாடுன்னு யாரும் சுணங்க வேண்டாம்.

வீட்டுக்காரரு பழசு தொட மாட்டேங்காரு. "நேத்து வச்சதா?"ன்னு கேட்டே தட்ட தள்ளி வைக்காரு.

அவருக்கு நேத்து வச்ச ருசியே இன்னிக்கும் வந்தா புடிக்காது, அது நியாயம்தான், எனக்கும் புடிக்காது. நேத்து சாம்பார இன்னிக்கும் சாம்பாராவே வைக்காதீங்க. ரூபம் மாறணும். சாம்பார்ல சின்ன வெங்காயம் வதக்கி போட்டு சுண்ட வச்சு தோசைக்குள்ள தடவுங்க. கோழிக்கறி மிச்சத்த எலும்பெடுத்து, நல்லமிளகும் பெருஞ்சீரகமும் தட்டிப்போட்டு வறட்டி சப்பாத்திக்குள்ள உருட்டுங்க. துவரன் மிச்சத்துல முட்டை உடைச்சு ஊத்துங்க.

ஒளிச்சு வைக்க மட்டும் வேண்டாம். புதுசுன்னு பொய் சொல்லி வச்சா ஒரு நாள் கண்டுபுடிப்பாரு, அப்புறம் புதுசா வச்சதையும் நம்ப மாட்டாரு. சுண்டக்கறிய நினைச்சு பாக்கச் சொல்லுங்க. கல்யாண வீட்டுல மறுநாள் அவியல், சாம்பார், கூட்டு, பருப்பு எல்லாம் ஒரே உருளில கொட்டி சுண்டக் காய்ச்சி வாளில வீடு வீடா குடுப்பாங்கல்ல, அதுக்கு எத்தன பேரு தூக்குப்பாத்திரத்தோட காத்துட்டு நிப்பாங்க. அதுவும் நேத்து வச்சதுதான். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் அடுத்த நாளு எங்க வீட்டுல சமையலே கிடையாது, சுண்டக்கறியும் சோறும்தான், அத யாரும் பழசுன்னு சொன்னதில்ல.

பிள்ளைங்க கஞ்சி வேண்டாம், நூடுல்ஸ் வேணும்னு அடம் புடிக்காங்க.

வாரத்துல ஒரு ராத்திரி அவங்க கைல குடுங்க. எங்க வீட்டுல வியாழக்கிழமை சப்பாத்திக்கு என்ன கூடன்னு முடிவு பண்றது மகளோட வேலை. அவ முடிவு பண்ணா அவ சாப்பிடுறா. கஞ்சி நாள்ல பப்படம் ரெண்டு கூடுதலா பொரிங்க, ஒரு மட்டிப்பழம் வைங்க, பாதி சண்டை அங்கயே முடியும்.

பிரிட்ஜ் டப்பால பேரு, தேதி எல்லாம் எழுதணுமா?

தேதி மட்டும் எழுதுங்க. பேரு பாத்தாலே தெரியும். ஒரு மார்க்கரும் செலோடேப்பும் பிரிட்ஜ் மேலயே இருக்கட்டும். நாலு நாள் தாண்டுன சமைச்ச சாப்பாட்ட யோசிக்காம கொட்டிருங்க, மோந்து பாத்து முடிவு பண்ணாதீங்க, கெடுதல் செய்ற எல்லா கிருமிக்கும் நாத்தம் இருக்காது.

மழைக்காலத்துல கரண்ட் போனா? பிரிட்ஜே இல்லாதவங்க என்ன செய்ய?

நமக்கு தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, ரெண்டு மழைலயும் கரண்ட் போகும். பிரிட்ஜ திறக்காம வச்சா நாலு மணி நேரம் குளுமை நிக்கும், நிறைஞ்ச ஃப்ரீசர் ரெண்டு நாள் வரைக்கும் தாங்கும், பாதிதான் இருந்தா ஒரு நாள். 2017 நவம்பர் 30 ஓக்கி புயல் அடிச்சப்போ எங்க பக்கம் நாள் கணக்கா கரண்ட் இல்ல, ஃப்ரீசர்ல இருந்தத எல்லாம் மொத நாளே எடுத்து சமைச்சு சுத்தி உள்ள நாலு வீட்டுக்கும் குடுத்தோம், அதுக்கப்புறம் ஓடுனது சிறுபயறு, கருவாடு, உப்பிலிட்ட மாங்கா, வத்தல், அரிசி. அதனால வருஷம் பூரா எங்க வீட்டுல ஒரு அலமாரித் தட்டு பிரிட்ஜ நம்பாத சாமானுக்குன்னே இருக்கு.

பிரிட்ஜ் இல்லன்னா மிச்சத்த நம்பி பிளான் போடாதீங்க, வகைய மட்டும் முடிவு பண்ணுங்க. யோசிக்கிற பாரம் அதுலயே பாதி இறங்கிரும். பயறும் கருவாடும் புளிக்கறியும் கை குடுக்கும்.

வாரத்துல ஒரு நாள் கடைல புரோட்டா வாங்குனா தப்பா?

ஒரு தப்பும் இல்ல. ஆனா அதையும் பிளான்ல எழுதுங்க. முடியாம வாங்குனா மனசு உறுத்தும், முடிவு பண்ணி வாங்குனா சந்தோஷமா தின்னலாம். சால்னா கூடுதலா குடுத்துருந்தா மறுநாள் காலைல இடியாப்பத்துக்கு ஆச்சு, ராத்திரியே பிரிட்ஜ்ல வச்சுருக்கணும், அவ்வளவுதான்.

எல்லாம் சரிக்கா, ஆனா இத்தனையும் யோசிக்கிறது நான் ஒருத்திதானே?

என் தங்கச்சி இத கேட்டப்போ எனக்கு பதில் சொல்ல வரல கொஞ்ச நேரம். அவ திங்கள்நகர்ல இருக்கா, மாப்ள நல்லவருதான், காய் அரிஞ்சு குடுப்பாரு, பாத்திரம் கழுவுவாரு. ஆனா "என்ன அரியணும்"னு அவகிட்டதான் கேப்பாரு. கை வேலைய பங்கு போட்டாச்சு, யோசிக்கிற வேலை அவ தலைலயே இருக்கு.

நான் அவகிட்ட சொன்னது, ரெண்டு கிழமைய முழுசா அவருகிட்ட குடுத்துரு. செவ்வாயும் சனியும் மாப்ள நாளு. என்ன வைக்கணும், சாமான் இருக்கா, எப்போ ஊறப்போடணும் எல்லாம் அவரு யோசிக்கட்டும், நீ வாய திறக்காத. மொத வாரம் உளுந்து ஊறப்போட மறந்து உப்புமா ஆச்சாம், ஆகட்டும். மூணாவது வாரம் அவரே ஞாயித்துக்கிழமை சந்தைல நின்னு போன் பண்ணி, சேனை நல்லா இருக்கு, செவ்வாய்க்கிழமைக்கு வாங்கவான்னு கேக்காம, "வாங்கிட்டேன்"னு சொன்னாராம். அத சொல்லும்போது அவ குரல்ல இருந்த நிம்மதிய நான் போன்லயே கேட்டேன்.

எங்க வீட்டுல என் வீட்டுக்காரருக்கு சனிக்கிழமை. பிரிட்ஜ்ல இருக்குற டப்பா எல்லாத்தையும் எடுத்து மேசைல வரிசையா வச்சு, தேதி பாத்து, எது சாப்பிடலாம் எது கொட்டணும்னு அவருதான் பிரிப்பாரு.

சரி, எங்க இருந்து ஆரம்பிக்க?

வாரம் முழுக்க வேண்டாம். ஒரே ஒரு கிழமைய எடுங்க, உங்களுக்கு ரொம்ப அசதியா இருக்குற நாள. எனக்கு அது திங்கள், அதனாலதான் கஞ்சி. அந்த ஒரு நாளுக்கு ஒரு வகைய நிலையா வைங்க, ஒரு மாசம் அத மாத்தாதீங்க. வீட்டுல எல்லாருக்கும் அது மனசுல பதிஞ்ச பிறகு ரெண்டாவது கிழமைக்கு போங்க.

இன்னிக்கு ராத்திரி பாத்திரம் கழுவி வைக்கும்போது ரெண்டு உழக்கு சிறுபயற கழுவி தண்ணில போட்டு மூடி வைங்க. காலைல குக்கர்ல ரெண்டு விசில். பாதிய டப்பால எடுத்துட்டு மீதிக்கு தேங்கா அரைங்க.